கூரியரில் போன கட்டி

பச்சைத் தேயிலைக்கு விலை இருந்திருந்தால் என் மார்பில் வந்த கட்டியை நான் இன்னும் ஒரு வருஷமாவது சும்மா விட்டிருப்பேன். விலை இல்லை. அதனால் தப்பித்தேன்.

அப்போது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பேக்டரியில் எனக்கு ஆபீஸ் வேலை. சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் பேக்டரி. விலை விழுந்ததும் பாதிப் பேர் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து காடாகிக்கொண்டிருந்தன. வாரத்தில் ஆறு நாள் ஓடிய பேக்டரி நாலு நாளாகி, இரண்டு நாளாகி, ஆடி மாசத்தில் ஒரு வாரம் முழுக்க நின்றே போனது. லீவு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மேனேஜர் அவராகவே வந்து, "அக்கா, ஒரு வாரம் ஊட்டுலயே இருந்துக்கங்க" என்றார்.

முதல் நாள் அலமாரிகளைச் சுத்தம் செய்தேன். இரண்டாம் நாள் எல்லாக் கம்பளிகளையும் துவைத்தேன். குன்னூரில் ஆடி மாசம் கம்பளி துவைப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. வீடு முழுக்க ஈரக் கம்பளி தொங்க, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கட்டி ஞாபகத்துக்கு வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு இரண்டு மாசம் ஆகியிருந்தது. சுண்டைக்காய் அளவு. வலியில்லை. வலிக்காத ஒன்றுக்காக யார் லீவு போடுவார்கள்?

கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நல்லது கெட்டது எதுவானாலும் சத்தமாகத்தான் எதிர்கொள்வார்.

"ரெண்டு மாசமா?" என்றார்.

"பேக்டரில வேலை இருந்துச்சுங்க."

"எந்த வேலை? அதான் பேக்டரியே ஓடறதில்லையே!"

விசில் கையில் இருந்திருந்தால் ஊதியிருப்பார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் கிளம்பினோம்.

அங்கே என் கணவரின் அக்கா வீடு இருக்கிறது. நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து முறை அது. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். யார் வீட்டுக் காரியமானாலும் தானே தலைமை தாங்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள், புற்றுநோய்தான் என்றார்கள், ஆவணியில் ஆபரேஷன் முடிந்தது. கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். இவ்வளவையும் நான் நான்கு வரியில் சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் அது நான்கு வரியாக இல்லை. ஆனால் அழுததை எழுதினால் எனக்கே திரும்பப் படிக்கப் பிடிக்காது. சிரிப்பு வந்த பகுதி ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தையல் ஆறியதும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். வேகமாகப் பேசுகிறவர். எதையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுத்தான் விளக்குவார். எதைப் போட்டாலும் பலாப்பழம் மாதிரி இருக்கும்.

"கட்டி சின்னது. அக்குளுக்குப் பரவல. ஹார்மோனுக்குக் கட்டுப்படற வகை. மூணுமே நல்ல சேதி. ரேடியேஷன் குடுக்கணும், அப்புறம் சில வருஷம் மாத்திரை. கீமோ வேணுமா வேண்டாமாங்கறதுதான் கேள்வி. கட்டியோட கிரேடு நடுவுல நிக்குது."

கிரேடு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூளைத் தரம் பிரிக்க எங்கள் பேக்டரியில் சொல்லும் சொல் அது. நடுவில் நிற்கிற கிரேடுதான் எப்போதும் தொல்லை பிடித்தது.

"முன்னெல்லாம் இந்த மாதிரி இருந்தா எதுக்கும் இருக்கட்டும்னு கீமோ குடுத்துருவோம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப ஒரு டெஸ்ட் இருக்கு. நாங்க எடுத்த கட்டியில ஒரு துண்டை லேபுக்கு அனுப்பினா, அதுக்குள்ள சில ஜீன் எவ்வளவு ஆட்டம் போடுதுன்னு பார்த்துச் சொல்லுவாங்க. ரொம்ப ஆடினா திரும்பி வர வாய்ப்பு ஜாஸ்தி, கீமோ குடுத்தா பலன் உண்டு. அமைதியா இருந்தா கீமோவால உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, மாத்திரையே போதும். ஒரு ஸ்கோர் வரும்."

ஸ்கோர் என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனைக்குங்க டாக்டர்?"

"நூறுக்கு."

"அப்ப கவலைப்படாதீங்க. எப்படியும் எண்பதுக்கு மேல எடுத்துருவா. எல்லாத்துலயும் கெட்டிக்காரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயோ, வேண்டாங்க. இதுல கம்மியா வந்தாத்தான் நல்லது."

என் கணவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. ஊட்டியில் கோல்ஃப் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று முப்பது வருஷமாக வேடிக்கை பார்த்தவர் அவர். "கோல்ஃப் மாதிரிங்களா? அதுலயும் கம்மியா எடுத்தவன்தான் ஜெயிப்பான்."

"கரெக்ட். கோல்ஃப் மாதிரி" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் பலாப்பழம் வரையவில்லை.

டெஸ்ட்டுக்கு என்ன செலவானது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வருஷங்களில் நீலகிரியில் விலையைப் பற்றித் தவிர வேறு எதையும் யாரும் பேசவில்லை. எனக்கு அந்தப் பேச்சே அலுத்துவிட்டது.

நங்கையா பிளாஸ்க்கோடு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தும் இடைவெளியில் 'ஜீன்' என்ற ஒரு சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டார். மோர் ஊற்றும்போது ஆரம்பித்தார்.

"எங்க ஊட்டுல நாலு தலைமுறைல யாருக்கும் இந்தச் சீக்கு கெடையாது, அம்மிணி."

"சரிங்க நங்கையா."

"உன்ற பக்கம் எப்படின்னு தெரியோணும். ஜீன்னா வம்சந்தானே?"

இல்லை என்று நான் விளக்குவதற்குள் அவர் தேவாலாவில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். தேவாலாவில் மழை நாளில் போன் எப்படிக் கேட்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நங்கையா கேட்டது, "உங்க ஊட்டுல யாரு யாரு எப்படி எப்படிச் செத்தாங்க?" என் அண்ணன் காதில் விழுந்தது 'செத்தாங்க' மட்டும். லைன் அறுந்துபோனது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வாசலில் நின்றான். கூடலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி மாறி, நனைந்த வேட்டியோடு வந்திருந்தான். கதவைத் திறந்தது நான். என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனான். பிறகு கோபம் வந்தது.

"நீ நல்லாத்தான் இருக்கியா? அப்ப நான் வழிநெடுக அழுதுட்டு வந்தது யாருக்கு?"

நங்கையா அவனுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து, கையில் காகிதமும் பேனாவுமாக விசாரணையைத் தொடர்ந்தார். அப்பா மாரடைப்பு. அம்மா சர்க்கரை. அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வயசாகித் தூக்கத்தில். அம்மாவின் அப்பா, அப்பிச்சி?

"அப்பிச்சி பலாமரத்துல இருந்து வுழுந்து செத்தாரு" என்றான் அண்ணன். "அதுக்கு ஜீன் என்னங்க பண்ணும்?"

நான் தலையிட்டேன். "நங்கையா, வம்சத்தைப் பார்க்கற டெஸ்ட் வேற. அது எனக்கு இப்பத் தேவையில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இது எங்க ஊட்டையும் கேக்கறதில்ல, உங்க ஊட்டையும் கேக்கறதில்ல. வெட்டி எடுத்த கட்டியைத்தான் கேக்கறது, உன்ற புத்தி எப்படின்னு."

"கட்டி பேசுமா?"

"அதைப் பேசவைக்கத்தானுங்க லேபுக்கு அனுப்பறாங்க."

நங்கையா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மனிதர்களிடம் விசாரிக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் நேராகச் சாமியிடம் போனார். பூஜை அறையில் கற்பூரம் ஏற்றி, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வேண்டினார்: "பழனியாண்டவா, இவளுக்கு அந்த ஊசி மருந்து வேண்டாம்னு ரிசல்ட் வரோணும். வந்துச்சுன்னா என்ற தம்பி உன்ற சந்நிதிக்கு வந்து மொட்டை போட்டுக்குவான்."

என் கணவருக்குக் காப்பி புரை ஏறியது.

அவருடைய தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு கறுப்பு, அப்படி ஒரு அடர்த்தி. பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த போட்டோக்களில் முன்வரிசையில் வழுக்கைத் தலைகளுக்கு நடுவே அவர் மட்டும் தனியாகத் தெரிவார். கரிசலாங்கண்ணி எண்ணெய்தான் காரணம் என்பார். மழையில் விளையாட்டு நடத்தினாலும் தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் குடை.

"அக்கா, என்னைக் கேக்காம என்ற தலையை எப்படிக் குடுப்பே?"

"ஏன்டா சாமி, உன்ற பொண்டாட்டிக்காகத்தானே?"

குன்னூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் நிலைமையை யோசித்துப் பார்த்தோம். ஸ்கோர் அதிகமாக வந்தால் கீமோ. என் முடி போகும். குறைவாக வந்தால் பழனி. அவர் முடி போகும். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் தலை போயே தீரும்.

"என்ற முடியே போகட்டும்" என்றார் பர்லியாறு தாண்டும்போது. சொன்ன விதத்தில் தியாகம் இருந்தது. சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒருமுறை தலையைக் கோதிப் பார்த்துக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

என் பயம் முடியைப் பற்றியது இல்லை. எங்கள் பேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வருஷம் முன்னால் கீமோ நடந்தது. பேக்டரி வாசலில் பன்னிரண்டு படி. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறுவாள். நான் மேலே நின்று, "அடுத்த வாரம் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அவளுக்குக் கீமோ தேவைப்பட்டது, அதனால்தான் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். ஆனால் தேவையில்லாமல் அந்தப் படிகளை ஒருத்தி ஏற வேண்டுமா என்று இப்போதுதான் யோசித்தேன்.

அடுத்த வாரம் கட்டியை அனுப்பும் வேலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் லேப். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் என் கட்டியின் துண்டை எடுத்துக்காட்டினார். மெழுகுக்குள் பொதித்து, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, பழுப்பாக இருந்தது. இதற்காகவா இவ்வளவு கலாட்டா என்று இருந்தது. அவர் அதை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே பேனாவால் என் பெயரை எழுதினார்.

இருபது வருஷமாக ஏலத்துக்கு முன்னால் தேயிலை சாம்பிள்களைப் பொட்டலம் கட்டிப் புரோக்கர்களுக்கு அனுப்புவதுதான் என் வேலை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, பேனா மையிலயா எழுதறீங்க? ஈரம் பட்டா அழிஞ்சுருமே."

"உள்ளதாம்மா வைக்கப்போறோம்."

"உள்ள வச்சதே எங்க பேக்டரில அழிஞ்சிருக்குதுங்க. ஒருக்கா எங்க சாம்பிளும் பக்கத்து பேக்டரி சாம்பிளும் மாறிப்போயி, எங்க தூளுக்கு நல்ல வெலை வந்துருச்சு."

"அது நல்லதுதானேம்மா?"

"இது தூள் இல்லீங்களே. எனக்கு வேற யாரோட ரிசல்ட்டும் வேண்டாம். நல்ல ரிசல்ட்டா இருந்தாலும் வேண்டாம்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு பிரிண்ட் அடித்த லேபிளைத் தேடி எடுத்து ஒட்டினார். பஞ்சு வைக்கப்போனவரிடம் பஞ்சு போதாது, குலுங்கும் என்றேன். நுரை வைத்தார். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டும்போது நுனியை நான் பிடித்துக்கொண்டேன். கடைசியில் விண்ணப்பத்தைச் சரிபார்த்தபோதுதான் அவருடைய முறை வந்தது.

"அம்மா, ஆஸ்பத்திரி ரெகார்டுல இனிஷியல் உங்க அப்பா பேருக்கு இருக்கு. ஃபார்ம்ல வீட்டுக்காரர் பேருக்கு இருக்கு. இது ரெண்டு பேரா, ஒருத்தரா?"

"ஒருத்திதானுங்க."

"எனக்குத் தெரியும். டெஸ்ட் பண்ற லேபுக்குத் தெரியாதே. வேற யாரோட ரிசல்ட்டும் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டரம்மாவிடம் ஒரு கையெழுத்து, ரெகார்டு அறையில் ஒரு முத்திரை, மறுபடி டாக்டரம்மா. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். என் கணவர் மூன்று மாடியை நான்கு தடவை ஓடி ஏறி இறங்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளை மைதானம் சுற்ற வைத்த பாவத்துக்கு என்று அவரே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் பையில் போட்டபோது, எனக்கு ஏனோ யாரையோ வெளியூருக்கு ரயில் ஏற்றி அனுப்புகிற மாதிரி இருந்தது.

ரிசல்ட் அனுப்ப மெயில் விலாசம் கேட்டிருந்தார்கள். எனக்கென்று மெயில் கிடையாது. பேக்டரி ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தேன். அதைப் பற்றி அதன்பிறகு யோசிக்கவே இல்லை.

இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றிருந்தார் டாக்டரம்மா. நான் வேலைக்குத் திரும்பினேன். நங்கையா தினமும் போன் செய்தார். கீமோ என்று வந்துவிட்டால் தீபாவளிக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, யார் யார் எந்த வாரம் என் வீட்டில் தங்கிச் சமைப்பது என்று சொந்தக்காரர்களிடம் பேசி முடித்துவிட்டார். எனக்காக ஏழு கம்பளிக் குல்லாய்கள் பின்னிவிட்டார். கோயமுத்தூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு கம்பளி பின்னியவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, மேனேஜர் கையில் பிரிண்ட் எடுத்த காகிதங்களோடு என் மேஜைக்கு வந்தார். அந்த வருஷம் ஏல விவரம் வருகிற நாளெல்லாம் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அக்கா, 'லோ'ன்னு போட்டு வந்திருக்குதுங்க."

"எதுக்குங்க? டஸ்ட் தூளுக்கா?"

"அதைச் சொல்லவே இல்லீங்க. யாரோ புது புரோக்கரு. நாம எப்ப இவனுக்கு சாம்பிள் அனுப்பினோம்? ரிஸ்க்குன்னு வேற போட்டிருக்கான். நம்ம தூளைக் குடிச்சா என்னங்க ரிஸ்க்கு? பால் ஊத்திக் குடிச்சா ஒண்ணும் பண்ணாது!" குரல் உயர்ந்துகொண்டே போனது. "சாம்பிளை எதுல முக்கிப் பார்த்தானோ! மெழுகு மெழுகுன்னு எழுதியிருக்கான். நம்ம தூள்ல மெழுகு இருக்குதுங்களா?"

நான் எழுந்து காகிதத்தை வாங்கினேன். முதல் வரியில் என் பெயர் இருந்தது; சாம்பிள் அனுப்பியவள் பெயர் என்று மேனேஜர் நினைத்திருப்பார். இனிஷியல் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் குறைவு என்ற அர்த்தத்தில் அந்தச் சொல். இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவை விரலை வைத்துப் படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் கொட்டியது, அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து விக்கல் வந்தது.

மேனேஜர் பதறிப்போனார். "அக்கா, அழுகாதீங்க. அடுத்த ஏலத்துல பார்த்துக்கலாம்."

"இது தேயிலை இல்லீங்க" என்றேன். "என்ற கட்டி."

அவர் காகிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்தார். காது சிவந்தது. தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுருங்க அக்கா. படிச்சிருக்கக் கூடாது." பிறகு மெதுவாகக் கேட்டார். "லோன்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"நல்லதுங்க. ரொம்ப நல்லது."

"ரெண்டு வருஷமா இந்த ஆபீஸ்ல லோன்னு வந்து சந்தோஷப்பட்டது இது ஒண்ணுதானுங்க" என்று சொல்லி, எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். ஏலத்துக்கு வைத்திருந்த நல்ல தூளில் போட்டதாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். மைதானத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுவந்தார்கள்.

"லோ" என்றேன்.

பதிலுக்குக் காதைக் கிழிக்கும் விசில். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியவில்லையாம். மைதானத்தில் நின்ற நாற்பது பிள்ளைகள் கலைந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது" என்றார். "அப்ப, பழனி."

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி, எல்லாம் முடிந்தது போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

"இது ஜோசியம் இல்லை. திரும்பி வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. வர வாய்ப்பு கம்மி, கீமோ குடுத்தாலும் அந்தக் கம்மி பெருசா இன்னும் கம்மியாகாது. அவ்வளவுதான் சொல்லுது. முடிவு உங்களோடது."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நானா இருந்தா போட்டுக்க மாட்டேன். ஆனா வேண்டாம்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வராது."

அந்த இரண்டாவது வரிக்காகத்தான் அவரை நம்பினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்வது சுலபம். சொந்தக்காரர்களிடம் சொல்வதுதான் பாடு. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் என் தலைமுடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். மருந்து கொடுக்கவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று சமையலறையில் குசுகுசுப்பு. ஒரு சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காத கண்ணு, எத்தனை மாசம் சொன்னாங்க?" என்று கேட்டார். வாந்தி எடுத்து, இளைத்து, மொட்டையாகி மீண்டு வந்தால்தான் வைத்தியம் நடந்ததாக அவர்களுக்கு நம்பிக்கை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறவளை எப்படித் தேற்றுவது? நங்கையாவுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். சமையல் முறை எல்லாம் பேசி முடித்திருந்தாரே.

பழனியில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கத்தி முதல் தடவை பட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்கிற குழந்தை மாதிரி இருந்தது. சந்தனம் பூசி எழுந்தபோது தலை இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். ஏழு குல்லாய்களும் அவருக்கே பொருந்தின. ரேடியேஷனுக்காக நான் கோயமுத்தூரில் தங்கியிருந்த வாரங்களில் அவர் சனி ஞாயிறு தவறாமல் ஒவ்வொரு நிறக் குல்லாயாகப் போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்தார்.

முடி திரும்ப முளைத்தது. வெள்ளையாக முளைத்தது. ஒரு கறுப்பு முடிகூட இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில், கால்பந்துகளுக்குப் பின்னால், பல வருஷமாகச் சாயப் பொட்டலம் இருந்திருக்கிறது. கரிசலாங்கண்ணி எண்ணெய் வெறும் வாசத்துக்கு.

மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்க ஆரம்பித்தது. எந்த அறிவிப்பும் இல்லாமல் நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும். ஐந்து நிமிஷம் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு வேர்த்துவிட்டுப் போய்விடும். மார்கழி மாசக் குன்னூரில் நான் ஜன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் அவர் இரண்டு கம்பளிக்குள்.

முதல் வருஷப் பரிசோதனைக்குப் போய்வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். போவதற்கு முன் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லை, ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் இடம் கிடைத்தது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த என் கணவர் தூங்கிவிட்டார். மலை ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கி, பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலை இறக்கிவிட்டு மஃப்ளருக்குள் சுருண்டார்கள். காட்டேரி வளைவில் எனக்கு அந்தக் கொதிப்பு வந்தது. ஜன்னலை மேலே தூக்கினேன்.

"ஏனுங்க, சாத்துங்க! குளுருது!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

சாத்தினேன். தாங்க முடியவில்லை. திறந்தேன். இந்த முறை நாலு பேர் கத்தினார்கள். கண்டக்டர் எழுந்து வந்து, "என்னங்கம்மா, வாந்தி வருதுங்களா?" என்றார். இல்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "அவங்களை இங்க அனுப்புங்க கண்டக்டர். இங்க ஜன்னல் தொறந்துதான் இருக்குது."

போனேன். என் வயதுதான் இருக்கும். மடியில் காரட் மூட்டை, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"உங்களுக்கும் மாத்திரைங்களா?" என்றேன்.

"மாத்திரை என்னங்க மாத்திரை, வயசாச்சு, மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தாள். இருவரும் பனிக்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு குன்னூர் வரை வந்தோம். முன்சீட்டில் இருந்த ஒருவர் வழிநெடுகத் தும்மிக்கொண்டே வந்தார்.